வேலைக்கு அமர்த்துவார் இல்லை

அறுவடைக்கு ஆட்கள் போதவில்லை என்று ஆண்டவர் வருந்தியதை இறையழைத்தல் ஞாயிறன்று நாம் தவறாமல் நினைவுகூர்கிறோம். ஆப்ரிக்க நாடுகளின் மருத்துவமனைகளைப் பற்றிப் படிக்கும்போதும் அதே நினைவுதான் வருகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் நோய்ச்சுமையில் 24 விழுக்காட்டை ஆப்ரிக்கப் பகுதி சுமந்தது. உலகின் நலவாழ்வுப் பணியாளர்களிலோ 3 விழுக்காட்டினரே அங்கு இருந்தனர். 2030ஆம் ஆண்டில் அப்பகுதிக்கு 61 இலட்சம் பணியாளர்கள் குறைவாக இருப்பர் என்றும் அந்நிறுவனம் பின்னர் கணித்தது.

ஆயினும், நற்செய்தியில் வேறொரு காட்சியும் உண்டு. மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் காரணம் கேட்டபோது, தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றார்கள். ஆப்ரிக்காவின் இன்றைய நிலைக்கு இந்த இரண்டாவது காட்சியே நெருக்கமானது என்று நாம் கருதுகிறோம். படித்து முடித்த மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கே வேலையின்றி நிற்கிறார்கள். அவர்கள் நிற்கும் அதே ஊரின் மருத்துவமனையில் ஒரு செவிலி, பலர் பார்க்க வேண்டிய வேலையைத் தனியே பார்க்கிறார்.

கென்யாவை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நாட்டின் அரசு மருத்துவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 56 நாள்கள் நீடித்தது. பயிற்சி மருத்துவர்களின் பணிநியமனமும் சம்பளமும் அதில் பெரும் பிரச்சினையாக இருந்தன. 2017ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி அவர்களுக்குரிய தொகை மாதம் 2 இலட்சத்து 6 ஆயிரம் ஷில்லிங். 70 ஆயிரம்தான் தரமுடியும், அதற்குமேல் கருவூலத்தில் பணமில்லை என்றது அரசு. அதே கென்யா 2021ஆம் ஆண்டு ஜூலையில், தன் நாட்டில் வேலை கிடைக்காத செவிலியரைப் பிரித்தானியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தது. தன் செலவில் பயிற்றுவித்து, பிறர் வீட்டு நோயாளிகளுக்கு அனுப்பிவைக்கும் நிலை இது.

போகிறவர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. நம் பங்குகளிலும் செவிலியர் படிப்பு முடித்த பெண் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தில் தம்பி தங்கைகள் படிக்கின்றனர். குறை, அவர்களுக்கு வீட்டருகே ஒரு நிரந்தர வேலையைத் தராதவர்களிடம் இருக்கிறது.

இருக்கும் வேலைகளும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசுத்தலைவர் பிறப்பித்த ஆணையால் அந்நாட்டின் வெளிநாட்டு உதவிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த உதவிகளை நிர்வகித்த யு.எஸ்.எய்ட் அமைப்பும் ஜூலை முதல் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென 2003ஆம் ஆண்டில் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் திட்டத்தின் பணத்தில் தென்னாப்ரிக்காவில் மட்டும் சுமார் 15 ஆயிரம் பேர் வேலை செய்துவந்தனர். அவர்களில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். இவர்கள் யார்? மாத்திரை வாங்க வராதவரின் வீட்டைத் தேடிச் சென்று விசாரிப்பவர், பரிசோதனைக்கு அஞ்சும் இளைஞரிடம் பேசி அழைத்து வருபவர், பதிவேட்டை எழுதுபவர். மருந்து கிடங்கில் இருக்கலாம். அதை எந்தச் சந்தில் எந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்பது இவர்களுக்குத்தான் தெரியும்.

உதவி செய்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. பெப்ஃபார் திட்டத்தால் உயிர் பிழைத்தோர் இலட்சக்கணக்கில் உள்ளனர். எனினும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பணிகள் பெரும்பாலும் திட்டப் பணிகளாகவே இருந்துவிட்டன. திட்டத்தின் ஆயுள்தான் சம்பளத்தின் ஆயுள்.

இனி, இவைபற்றிப் பேசுவதற்கென்று நடக்கும் மாநாடுகளுக்கு வருவோம். மாநாடு என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. (தேநீரோடு தொடங்கித் தீர்மானத்தோடு முடியும் கூட்டங்கள் நமக்கும் பழக்கமானவையே.) ஆனால் ஒரு கூட்டம் எங்கே கூடுகிறது, யார் அங்கே பேசுகிறார்கள் என்பது சில நேரங்களில் வரலாற்றையே திருப்புகிறது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு முதன்முறையாக ஆப்ரிக்க மண்ணில், தென்னாப்ரிக்காவின் டர்பன் நகரில் கூடியது. எச்.ஐ.வி.யோடு பிறந்த 11 வயதுச் சிறுவன் நிகோசி ஜான்சன் தொடக்க நிகழ்வில் பேசினான். நெல்சன் மண்டேலா நிறைவுரையாற்றினார். ஓராண்டு மருந்துக்கு 10 ஆயிரம் டாலருக்கும் மேல் செலவான காலம் அது. நோயாளிகளில் பெரும்பாலோர் தெற்கில், மருந்தோ வடக்கில் என்ற உண்மையை அதன்பின் யாரும் மூடிமறைக்க முடியவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அம்மருந்துகளை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தர முன்வந்தது.

இதற்கு மாறாக, 2022ஆம் ஆண்டு கனடாவின் மொன்ட்ரியலில் அதே மாநாடு கூடியபோது, அழைக்கப்பட்ட ஆப்ரிக்கர் பலருக்கு விசா கிடைக்கவில்லை. ஐ.நா.வின் எய்ட்ஸ் ஒழிப்பு அமைப்பின் தலைவரும் உகாண்டா நாட்டவருமான வின்னி பியன்யிமாவே, ஜெனீவா விமான நிலையத்தில் தன்னை ஏறவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள் என்று வருத்தத்துடன் கூறினார். ஆப்ரிக்க ஒன்றியத்தின் நோய்த்தடுப்பு மையத் தலைவர் ஜான் கசேயா, 2024 அக்டோபரில் பெர்லின் நலவாழ்வு மாநாட்டுக்குச் செல்லும் வழியில், பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் தாம் அவமதிக்கப்பட்டதாகத் தெரிவித்தார். அங்கேயே சட்டவிரோதமாகத் தங்கிவிடுவார் என்று அதிகாரி சந்தேகித்தாராம்! தலைவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு மாவட்ட மருத்துவமனையின் செவிலி எம்மாத்திரம்? எனவேதான், அந்த மையம் 2022இல் கிகாலியிலும், 2023இல் லுசாக்காவிலும், 2025இல் டர்பனிலும் தன் பொது நலவாழ்வு மாநாடுகளைக் கூட்டியதை நாம் வரவேற்கிறோம். ருவாண்டா நாடு ஆப்ரிக்கர் அனைவருக்கும் விசா தடையின்றிக் கதவைத் திறந்திருப்பது இதற்குப் பெரிதும் உதவுகிறது.

ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பயிற்சிக் கூட்டங்களில் கலந்துகொள்வோருக்குத் தரப்படும் தினப்படி, பல நாடுகளில் அவர்களுடைய சம்பளத்துக்குத் துணையாகவே மாறிவிட்டது. சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போதாத ஊழியர், படிக்காகக் கூட்டம் கூட்டமாகச் செல்கிறார். அந்த நாள்களில் மருந்தகத்தின் வாசலில் தாய்மார் குழந்தைகளோடு காத்திருக்கின்றனர். சம்பளத்தைச் சரிசெய்யாமல் படியை மட்டும் நிறுத்தினால், அவர் ஊரை விட்டே போய்விடுவார்.

வடக்கு உகாண்டாவில் குலு நகருக்கு அருகே, கொம்போனி மறைபோதகர்கள் 1959ஆம் ஆண்டில் தொடங்கிய லாச்சோர் புனித மரியா மருத்துவமனை உள்ளது. அப்பகுதியில் பிறந்த மருத்துவர் மேத்யூ லுக்வியா, அங்கே பணியில் சேர்ந்து, பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூலில் வெப்பமண்டல நோயியல் படித்தார். அங்கேயே அவர் தங்கியிருக்கலாம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த தம் ஊருக்கே திரும்பினார். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மருத்துவமனையின் செவிலியர் மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, கம்பாலாவில் மேற்படிப்பில் இருந்த அவர் அழைக்கப்பட்டார். நோயாளிகளின் குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்து, இது எபோலாவாக இருக்கலாம் என்று கணித்து, தனி வார்டு அமைத்தார். அந்நோய் 224 பேரைப் பலிகொண்டது. அவர்களுள் ஒருவராக டிசம்பர் 5 அன்று அவரும் இறந்தார். வயது 43. அவருடைய தியாகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் திரும்பி வருவதற்கு அங்கே ஒரு மருத்துவமனையும், அதில் அவருக்கென்று ஒரு பொறுப்பும் இருந்தன என்பதைப் பேசுவதில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் எபோலா அன்று குலுவில் அடையாளம் காணப்பட்டது.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, 2001 ஏப்ரலில் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்ரிக்கத் தலைவர்கள் தாங்களே பதில் சொன்னார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டை நலவாழ்வுக்கு ஒதுக்குவோம் என்றார்கள். நிறைவேற்றிய நாடுகள் மிகச் சில. கடனும் வட்டியும் ஒரு காரணம், ஆள்வோரின் விருப்பமின்மை இன்னொரு காரணம். 2025 பிப்ரவரியில் நைஜீரிய நாடாளுமன்றம், அமெரிக்க உதவி நின்றதை ஈடுசெய்ய 20 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்கியது. இது முன்பே நடந்திருக்க வேண்டும்.

செய்துகாட்டிய நாடுகளும் உண்டு. எத்தியோப்பியா 2003ஆம் ஆண்டு முதல், பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து, அரசுச் சம்பளத்தில் ஊருக்கு இருவராக அமர்த்தியது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு பணியேற்றனர். லைபீரியாவோ எபோலாவுக்குப் பின்னரே விழித்துக்கொண்டது. அந்நோயில் தன் மருத்துவர், செவிலியர், பேறுகால உதவியாளரில் 8 விழுக்காட்டினரை இழந்தபின், 2016ஆம் ஆண்டு முதல் ஒதுக்குப்புறக் கிராமங்களின் நலப்பணியாளர்களுக்கு மாதம் 70 டாலர் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. கிராம நலப்பணியாளர்களைப் பற்றிய அனைத்துலகக் கருத்தரங்கு 2023 மார்ச்சில் அந்நாட்டின் தலைநகர் மொன்ரோவியாவில் நடந்தபோது, ஊதியமின்றி அவர்களிடம் வேலை வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்ற குரல் உரக்க ஒலித்தது. அந்த 70 டாலரிலும் கணிசமான பகுதி அன்று வெளிநாட்டு உதவியாகவே வந்துகொண்டிருந்தது.