பத்தியம் முறிந்த மறுவேளை

தை பாதி கடந்துவிட்டது. நவராத்திரிப் பொம்மைகள் பரணுக்கு ஏறி, தீபாவளிப் பலகாரத் தூக்குகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, கார்த்திகைப் பொரி உருண்டையும் கூடாரவல்லி அக்காரவடிசிலும் பொங்கற்பானையும் வரிசையாக வந்து போய்விட்டன. இப்பொழுது பல வீடுகளில் பெரியவர்களிடையே ஓர் ஓசையற்ற சங்கடம் நிலவும். புரட்டாசிவரை ஒழுங்காகப் பத்தியம் காத்தவர்கள், அலமாரியில் இருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கையில் எடுக்கவே அஞ்சுவார்கள்.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் அப்படி ஒரு வீட்டை மனக்கண்ணில் எழுப்பிப் பார்க்கலாம். ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. ஊருக்குள் உக்ர கதலி நரசிம்மர் திருக்கோயில். தெருக்களில் மரத்தில் தெய்வ வடிவங்களைச் செதுக்கும் உளியோசை. புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சிற்பத் தொழிலில் ஐம்பது ஆண்டு கழித்த ஒரு பெரியவர். பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் அவர் இருக்கிறார். நீரிழிவு என்று தெரிந்தபின் ஆறு இட்லியை இரண்டாக்கினார். மதியச் சோற்றைக் கைப்பிடி அளவாக்கிக் கீரையும் கூட்டும் பெருக்கினார். காப்பியில் சர்க்கரை நின்றது. எட்டு மாதம் அந்த நியமம் பிசகவில்லை. இரத்தப் பரிசோதனையும் அதனை உறுதி செய்தது.

தீபாவளியன்று பேரன் ஊட்டிய அரை லட்டில் அது முறிந்தது. அரை லட்டு ஒரு குற்றமன்று. ஆனால் அன்று மாலை எவரும் காணாத வேளையில் ஒரு முழு லட்டு, மறுநாள் இரண்டு, கார்த்திகையில் தூக்கின் அடிவரை என்று வளர்ந்து, பொங்கலன்று இரவு விளக்கைப் போடாமலேயே சமையலறையில் நின்றபடி சர்க்கரைப் பொங்கலைக் கரண்டியால் அள்ளி உண்ணும் நிலைக்கு வந்துவிட்டது. அவருக்கு அதில் இன்பமும் இல்லை. நிறுத்த இயலாமை மட்டுமே இருந்தது.

மருமகள் அறியாதவளல்லள். "மாமா, நாளைக்கு ஆத்தூருக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோமா?" என்று பக்குவமாகக் கேட்கிறாள்.

"அமாவாசை கழியட்டும் அம்மா. வளர்பிறையில் நல்ல நாள் பார்த்துப் பத்தியத்தைத் தொடங்கிவிடுகிறேன். அதற்கப்புறம் போகலாம்" என்கிறார் அவர்.

உண்ட இனிப்பைவிட இந்த விடைதான் அதிகக் கேடு செய்வது. நல்ல நாள் வரும்வரை உள்ள இடைக்காலம் முழுவதும் தின்பதற்கான அனுமதியாகிவிடுகிறது. 'எப்படியும் முறிந்துவிட்டது, போனது போகட்டும்' என்னும் எண்ணம் ஒரு வேளைப் பிழையை ஒரு மாதப் பிழையாக நீட்டுகிறது.

பஞ்சாங்கம் பார்ப்பது தவறென்று எவரும் சொல்லப்போவதில்லை. கிருகப்பிரவேசத்துக்குப் பார்க்கலாம், திருமணத்துக்குப் பார்க்கலாம். தவறிப்போன நியமத்தைச் சரி செய்ய நாள் பார்க்கச் சொன்னவர் யார்? சந்தியாவந்தனம் செய்வோர் இதனை நன்கு அறிவர். உரிய காலம் கடந்துவிட்டால் அதற்கென ஒரு பிராயச்சித்த அர்க்கியம் கூடுதலாக விட்டுவிட்டு, அப்பொழுதே கடமையைத் தொடர்வதே முறை. காலம் தவறியதே என்று வளர்பிறைவரை எவரும் ஒத்திவைப்பதில்லை. தவறிய ஒன்றுக்காக அன்று முழுவதும் கைவிடுவதும் இல்லை. பத்தியத்துக்கும் இதே நியாயத்தைப் பொருத்தினால், காலையில் முறிந்தது மதியம் சீராகலாம். அதற்கு அடுத்த வேளை இலையே போதும்.

நியமத்தில் தேர்ந்தவர்களும் சறுக்கியதுண்டு. மகாத்மா காந்தி தம் 'சத்திய சோதனை' நூலில் மறைக்காமல் எழுதியிருக்கும் நிகழ்ச்சி இது. ஆண்டு 1918. கேடா மாவட்டத்தில் அலைந்து திரிந்து உடல் நலிந்து, இலேசான சீதபேதியும் கண்டிருந்த சமயம். அன்று ஏதோ ஒரு பண்டிகை. மதியம் எதுவும் வேண்டாம் என்று கஸ்தூரிபா அம்மையாரிடம் முன்னரே சொல்லியிருந்தார். பால் பொருள் உண்பதில்லை என்பது அவர் விரதம். ஆதலால் அம்மையார் நெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்துக் கோதுமையில் இனிப்புக் கஞ்சி சமைத்து, ஒரு கிண்ணம் பச்சைப்பயறும் எடுத்து வைத்திருந்தார். இரண்டும் அவருக்கு விருப்பமானவை. மனைவியின் மனம் குளிரவும் நாவின் ஆசை தீரவும் சிறிதளவு உண்ணலாம் என்று அமர்ந்தவர், வயிறு நிறையவே உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சீதபேதி கடுமையாகப் பற்றிக்கொண்டது. அன்றிரவு நடியாடுக்குப் புறப்பட, சபர்மதி ரயில் நிலையம்வரை உள்ள ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்தை நடக்கவே அவர் மிகவும் துன்புற்றார். பின்னர் மரணத்தை எதிர்நோக்கும் அளவுக்கு நோய் முற்றியது.

அவருக்கு வந்தது நீரிழிவு அன்று, வேறு நோய். எனினும் அந்த மதியத்தில் நடந்தது, தம்மம்பட்டிப் பெரியவருக்கு நடந்ததேதான். பண்டிகை, அன்போடு நீண்ட கை, 'கொஞ்சம்' என்ற கணக்கு, பிறகு வயிறு நிறைய. ஊட்டிய கையின்மீது பழி போடாமல் பிழையைத் தம்மீதே அவர் ஏற்றுக்கொண்டதும் கருதத்தக்கது. நம் வீடுகளில் பெரும்பாலும் 'நீதானே கொடுத்தாய்' என்று தொடங்கிவிடும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்போருக்கு ஒரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார் நாடு தழுவி நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. தமிழகத்தில் 20 வயது நிறைந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக அது கூறுகிறது. நோய் கட்டுக்கடங்காதபோது கண்ணின் விழித்திரை பழுதாகிறது, பாதம் உணர்விழக்கிறது, விரல் மூட்டுகள் இறுகி, மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. உளி பிடிக்கும் கைக்கும், தெய்வ வடிவத்தின் இமைக்கோட்டைக் கீறும் கண்ணுக்கும் இவை எத்தகைய இழப்பு என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

பத்தியத்துக்குத் திரும்புவோர் இனிப்பை மட்டும் விட்டால் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். மாவுச்சத்து ஒளிந்திருக்கும் இடங்களை அவர்கள் காண்பதில்லை. அதிலும் விரத நாட்களில் ஏமாறுவதே மிகுதி. சேலம், நாமக்கல் வட்டாரம் முழுவதும் மரவள்ளி விளைகிறது. அதன் மாவிலிருந்து உருளும் ஜவ்வரிசி வட நாட்டு விரதங்களுக்கெல்லாம் இங்கிருந்தே போகிறது. சோறு உண்ணவில்லை, ஆகையால் இது உபவாசம் என்று ஏகாதசியன்று ஜவ்வரிசிக் கஞ்சியும் வள்ளிக்கிழங்கும் இரண்டு வாழைப்பழமும் உண்பவர் பலர். 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்து. அதே எடை அரிசியில் 78. சோற்றை விலக்கிவிட்டுச் சோற்றினும் மிகுந்த மாவை உண்டால் அது இரத்தத்துக்கு எப்படி உபவாசமாகும்?

வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் அப்படியே. சிறிதளவு தாதுச்சத்து உண்டென்பது உண்மை. இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில் வெள்ளைச் சர்க்கரைக்குத் தங்கைகள்தாம். கொல்லிமலைச் சாமை, கேழ்வரகு பற்றிய நம்பிக்கைக்கும் ஓர் எல்லை வேண்டும். சாமையிலும் 100 கிராமுக்கு 65 கிராம் அளவில் மாவுச்சத்து உண்டு. முற்கூறிய ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வெளிவந்த கட்டுரை, இந்தியர் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் காட்டியது. மாவுச்சத்தில் ஒரு பகுதிக்குப் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதம் வரும்போதே பயன் தெரிந்தது. அதே குழுவினர் 2022-இல், புதிதாக நீரிழிவு கண்டவர்கள் நோயின் பிடியிலிருந்து மீள, மாவுச்சத்து மொத்த ஆற்றலில் 49 முதல் 54 விழுக்காடாகக் குறைந்தால் ஏற்றது என்று கணித்திருந்தனர். பெரியவர்கள் சோற்றை அடியோடு துறந்து உடலை வாட்ட வேண்டியதில்லை என்பதற்கு இந்த எண்ணே சான்று. இலையில் முக்கால் இடம் பிடித்த சோறு கால் இடத்துக்கு ஒதுங்கினாலே பெரும்பங்கு நிறைவேறிவிடும்.

ஒதுங்கிய இடத்தை நிரப்பக் கோயில் மடைப்பள்ளியே வழி காட்டுகிறது என்பதுதான் இதில் சுவையான செய்தி. நவராத்திரியில் ஒன்பது நாளும் கொண்டைக்கடலை, பயறு, மொச்சைச் சுண்டல். ஸ்ரீராம நவமிக்குப் பானகத்தோடு நீர்மோரும், ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரி நறுக்கிப்போட்ட வடைபருப்பும் வருகின்றன. பாசிப்பருப்பில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். மாலையில் பசி எழுந்து தூக்கைத் தேடும் வேளைக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு குவளை நீர்மோரும் போல் கைகொடுப்பது வேறில்லை. வயிறு காலியாக இருக்கும்போது நாவோடு போராடுவது வீண். முதலில் வயிற்றை அடக்கிவிட வேண்டும். உண்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதும் சர்க்கரையைத் தணிக்கும். மாலைச் சிற்றுண்டிக்குப் பின் பிராகாரத்தைச் சில முறை வலம் வந்தால் இரண்டு காரியமும் ஆகும்.

மீண்டும் தொடங்கிய முதல் சில நாட்கள் கடினமானவை. இனிப்பு கனவில்கூட வரும். தலை கனக்கும், எரிச்சல் மிகும். வாரக் கடைசியில் பெரும்பாலோருக்கு இது தணியும். பண்டிகைக் காலத்தில் சட்டென்று இரண்டு கிலோ எடை ஏறியது கண்டு மனம் உடைவோரும் உண்டு. அதில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீர். உடல் சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்குகிறது. பத்தியம் சீரானால் வந்த வேகத்திலேயே இறங்கிவிடும். இதற்கு அஞ்சி மறுநாள் முழுப் பட்டினி கிடப்பது கூடவே கூடாது. இரவு நேரப் பெருந்தீனிக்குப் பகல் பட்டினியே வாயில் திறந்துவிடுகிறது.

மருந்துண்போர் தாமாக எதுவும் செய்யாதிருத்தல் நலம். இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு கண்டால் அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து: ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அதனைப் பத்தியப் பிழை என்று கருதித் தயங்குவது பெரும் பிழை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்பவர்களுக்குக் கடுமையான மாவுச்சத்துக் குறைப்பு வேறு ஆபத்தைத் தரும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குப் பருப்பின் அளவிலும் கட்டுப்பாடு தேவை. மருத்துவரிடம் 'தீபாவளியிலிருந்து தவறிவிட்டேன்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே நன்று. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை எப்படியும் சொல்லிவிடும். மறைத்தால், உண்ட இனிப்புக்கு ஏற்ப மருந்தின் அளவு கூட்டப்பட்டு, பத்தியம் சீரானபின் அதுவே மிகையாகிவிடக்கூடும்.

பிரசாதத்தை மறுக்கலாமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மறுக்க வேண்டாம். கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை நாவில் இட்டு, மீதியை அருகில் நிற்கும் குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம். பிரசாதத்தின் மகிமை அளவில் இல்லை என்பதை எந்த அர்ச்சகரும் ஒப்புக்கொள்வார். ஆந்திரத்து மங்களகிரியில் பானக நரசிம்மர், எவ்வளவு பானகம் ஊற்றினாலும் பாதியை மட்டும் ஏற்று மீதியைப் பக்தருக்கே திருப்பித் தருகிறார் என்பது நம்பிக்கை. பானகத்தையே பெயராகக் கொண்ட பெருமாளே பாதியோடு நிறுத்திக்கொள்ளும்போது, நீரிழிவுள்ள பக்தர் ஒரு துளியோடு நிறுத்தினால் அவர் கோபிக்கப்போவதில்லை.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மிஞ்சிய இனிப்பை இரவு அடுக்களையில் விட்டு வைக்காமல், அன்றே அக்கம்பக்கத்தில் பகிர்ந்துவிடுவது. தூக்கைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைப்பதால் பயனில்லை. எழுபது வயதுக்காரரைத் திருடனாக்கும் வேலை அது.

அடுத்து மாசியில் மகா சிவராத்திரி வருகிறது. இரவு முழுவதும் கண் விழித்து உபவாசம் இருக்க விரும்பும் நீரிழிவுள்ள அன்பர்கள், மருந்தை எந்த வேளை எவ்வளவு எடுப்பது என்பதை இந்த வாரமே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் காலைப் பாரணைக்கு அகத்திக்கீரையும் பாசிப்பருப்பும் முதலில் இலைக்கு வரட்டும். சோறு அதன்பின் ஒரு கைப்பிடி.