எஞ்சிய திசுவும் ஆய்வகத்தின் இரு கதவுகளும்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலையில் நோயாளியிடம் தரப்படும் தாள்களுள் ஒன்று, பெரும்பாலும் கட்டின் அடியில் இருக்கும். நோயறிதலுக்குப் போக எஞ்சும் திசுவையும் இரத்தத்தையும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் தாள் அது. அச்சமும் பட்டினியும் ஒருசேர வருத்தும் அவ்வேளையில் அதை நிதானமாகப் படிப்போர் சிலரே. உடனிருப்பவர், “எங்கே கையெழுத்து?” என்று மட்டும் கேட்கிறார். தையல் பிரிக்க வரும் நாளில்தான் வேறொரு கேள்வி எழுகிறது: “என் உடம்பிலிருந்து எடுத்தது இப்போது யாரிடம் இருக்கிறது? யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப்போக முடியுமா?”

அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

இன்றைய உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் பல, கோடிக் கணக்கில் விலை பெறுபவை. உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரிக்கும் கருவியும், மரபணு வரிசையைப் படிக்கும் கருவியும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே வாங்கப்படுமானால், அவற்றில் பாதி தூசு படிந்து கிடக்கும். ஆதலால், ஓரிடத்தில் நிறுவிப் பலரும் முறைவைத்துப் பயன்படுத்தும் பொது ஆய்வகங்கள் தோன்றின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியாரின் மாதிரிகளையும் கட்டணம் பெற்றுச் சோதித்துத் தருகிறது. நாடெங்கும் எக்கருவி எங்கே உள்ளது என்று தேடி முன்பதிவு செய்வதற்காக ‘ஐ-ஸ்டெம்’ என்னும் நடுவண் அரசின் இணையவாயில் 2020-இல் தொடங்கப்பட்டது. சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வு மாணவியும் பெருநகரக் கருவியை நாட இயல்வது நன்மையே. இக்கதவு இன்னும் அகலமாகத் திறக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. விண்ணப்பம், துறைத் தலைவரின் கையொப்பம், கருவியை இயக்கும் பயிற்சி, மணிக்கு இவ்வளவு என்ற கட்டணம் ஆகியவற்றைத் தாண்டினால் கருவி கிடைத்துவிடும். மனித இரத்தத்தைத் தொடுவோர் கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

ஆனால் கருவிக்கான கதவு வேறு, மனித மாதிரிக்கான கதவு வேறு. ஒன்றைத் திறந்தவருக்கு மற்றொன்று தானாகத் திறந்துவிடலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, மனிதர் தொடர்பான ஆய்வு எதுவாயினும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்கலாம். அக்குழுவின் தலைவர் அந்நிறுவனத்தைச் சேராதவராகவும், உறுப்பினருள் குறைந்தது பாதிப்பேர் வெளியாராகவும் இருத்தல் வேண்டும். சட்டம் அறிந்த ஒருவரும், மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவரும் அதில் இடம்பெறுவர். மாதிரி ஆய்வாளரின் கைக்குச் செல்லும்போது உங்கள் பெயர் நீக்கப்பட்டு, ஒரு குறியீட்டு எண் மட்டுமே அதன்மேல் இருக்கும். வேறு நிறுவனத்துக்கு அனுப்புவதானால் தனி ஒப்பந்தம் வேண்டும். மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. யாருடையதென்று இனிக் கண்டறியவே இயலாதபடி அடையாளம் நீக்கப்பட்ட எஞ்சிய மாதிரிகளுக்கு, தனித்தனி ஒப்புதல் தேவையில்லை என்று விலக்களிக்கவும் அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.

எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது பெயர் வெளிப்படுவது பற்றிய அச்சம் அன்று. திசு தீர்ந்துபோவதே கவலை. பயாப்சியில் எடுத்த திசு ஃபார்மலினில் ஊறவைக்கப்பட்டுப் பின்னர் பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. ‘பிளாக்’ என்று நாங்கள் வழங்கும் அம்மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்னும் கருவி, ஒரு மில்லிமீட்டரை இருநூறாகவோ அதற்கு மேலாகவோ வகுத்தால் வரும் மென்மையில் சீவும். அவ்வளவு மெல்லியது தானே என்று தோன்றலாம். ஆயின் ஊசியால் எடுத்த நுரையீரல் திசுவே நூலிழை போன்றது. ஒவ்வொரு முறை கட்டியைக் கருவியில் பொருத்தி மேற்பரப்பைச் சமன் செய்யும்போதும் சில சீவல்கள் வீணாகும். எங்களுள் சிலர் முன்பு வேறோரிடத்தில் பணியாற்றிய காலத்தில், ஒரு பெண்மணியின் கணவர் மனைவியின் பிளாக்கைக் கேட்டு வந்தார். நோய் திரும்பியிருந்தது, எந்த மருந்து பொருந்தும் என்றறிய மரபணுச் சோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். பெட்டியில் இருந்தது பெரும்பாலும் வெறும் மெழுகு. ஓர் ஆய்வுக்காக அது சீவப்பட்டிருந்தது. ஒப்புதல் இருந்தது, குழுவின் அனுமதி இருந்தது, பதிவேடும் சரியாகவே இருந்தது. அந்த அம்மையார் மீண்டும் ஊசிக்கு நெஞ்சைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, நோயாளியின் சிகிச்சைக்கென ஒரு பங்கு திசுவை ஒதுக்கிவைத்த பின்னரே எஞ்சியதை ஆய்வகத்துக்கு வழங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். ‘எஞ்சியது’ எது என்பதை ஆய்வாளர் முடிவு செய்யக் கூடாது. அந்த ஆய்வில் பங்கில்லாத நோய்க்குறியியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பிரிட்டனில் உள்ள ‘யுகே பயோபேங்க்’ இதில் நமக்கு ஒரு பாடம். 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 5 லட்சம் பேர் அதற்கு இரத்தமும் சிறுநீரும் தந்தனர். 2012 முதல் உலகின் எந்நாட்டு ஆய்வாளரும், மக்கள் நலனுக்கான உடல்நல ஆய்வு என்று காட்டி விண்ணப்பிக்கலாம். தரவுகளை எத்தனை பேருக்கும் வழங்கலாம். இரத்தம் எடுக்க எடுக்கக் குறையும் ஆதலால், அதைக் கேட்போரின் விண்ணப்பம் கூடுதல் கண்டிப்புடன் ஆராயப்படுகிறது. அனுமதி பெற்ற ஆய்வுகளின் சுருக்கத்தை எவரும் படிக்கும்படி அவர்கள் வெளியிடுகிறார்கள். நம் மருத்துவமனைகள் இதைச் செய்யப் பெரும் பொருட்செலவு எதுவும் ஆகாது. வெளிநோயாளர் பிரிவின் அறிவிப்புப் பலகையில், எளிய தமிழில், இவ்வாண்டு எந்த ஆய்வுக்கு எவ்வகைத் திசு தரப்பட்டது என்று ஒரு தாள் ஒட்டினால் போதும்.

இத்தனை கட்டுப்பாடுகள் ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தும் என்று எங்கள் இளம் ஆய்வாளர்கள் முறையிடுவதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. குழு கூடாமையால் மாதக்கணக்கில் காத்திருக்கும் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறோம். அதற்குப் பரிகாரம் குழுவை அடிக்கடி கூட்டுவது. கேள்விகளைக் குறைப்பது அன்று. 1951-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேளாமலேயே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. அவருடைய குடும்பத்தினருக்கோ பல ஆண்டுகள் அச்செய்தியே தெரியாது.

அத்தாளில் கையொப்பமிடும் முன் மூன்றைக் கேளுங்கள்: என் சிகிச்சைக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படுமா? என் மாதிரி இந்நிறுவனத்துக்கு வெளியே செல்லுமா? பின்னர் மனம் மாறினால் யாரிடம் எழுதித் தர வேண்டும்? கையொப்பமிட மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எக்குறையும் நேராது. முன்பே கையொப்பமிட்டவர்களும், தங்கள் பிளாக் எந்நிலையில் உள்ளது என்பதை, மருத்துவப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நோய்க்குறியியல் பிரிவில் கேட்டறியலாம்.