ஓடு உடைக்கும் வீரம்

கராத்தே என்கின்ற தற்காப்பு வித்தையின் மீது நமக்கு யாதொரு விரோதமும் கிடையாது. அடித்தால் வாங்கிக்கொண்டு அடங்கிக் கிடப்பதே பெண்ணுக்கு இலட்சணம் என்று போதித்து வந்த இந்த நாட்டில், அரசாங்கப் பள்ளிக்கூடங்களிலேயே பெண்பிள்ளைகளுக்கு அது கற்றுக்கொடுக்கப்படுவதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்த வித்தையின் பேரால் மேடைகளில் நடக்கும் பலகை உடைப்பு, ஓடு உடைப்பு வேடிக்கைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு எழுதும் நமக்கு, “சக்தி” என்னும் சொல்லுக்கு எவ்வளவு கிராக்கி என்பது நன்றாய்த் தெரியும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கும் ஜனங்களின் காதில் அது விழாத இடமில்லை. அதே சொல் இப்போது வெள்ளைச் சட்டை மாட்டி, கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு பள்ளி ஆண்டு விழாவுக்கும் வந்துவிட்டது. பையன் ஓட்டை உடைக்கிறான். மாஸ்டர் ஒலிபெருக்கியில், மூச்சை அடக்கி உள்ளிருக்கும் சக்தியைக் கைக்குக் கொண்டுவந்தான் என்கிறார். பெற்றவர்கள் புல்லரித்துப் போகிறார்கள். மந்திரித்த விபூதிக்கும் இதற்கும் என்ன பேதம்?

விறகு பிளக்கிற கூலியாளைக் கேட்டால் விஷயம் விளங்கும். நாரோட்டத்தோடு பிளந்தால் மரம் லேசில் பிளக்கும். குறுக்கே வெட்டினால் கோடாலி திணறும். மேடைப் பலகை நாரோடு பிளக்கும்படியாகவே பிடிக்கப்படுகிறது. இரண்டு ஓரங்களில் தாங்கல், நடுவில் வெற்றிடம். அடி நடுவில் விழுந்தவுடன் பலகை வளைந்து, அதன் கீழ்ப்பக்கம் இழுபட்டு அங்கிருந்து பிளக்கிறது. ஓடுகளை அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே குச்சி வைப்பார்கள். அப்போது மேல் ஓடு உடைந்து கீழ் ஓட்டின் மேல் விழும். அது உடைந்து அடுத்ததன் மேல் விழும். இதில் சக்தி எங்கே வந்தது?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் என்னும் மூவர் கராத்தே அடியை விட்டுவிட்டு எரியும் விளக்கொளியில் படம் பிடித்து அளந்து, 1979-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதினார்கள். தேர்ந்தவரின் கை ஒரு விநாடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கை முழுதும் நீளுவதற்கு முன்பே அந்த வேகம் உச்சத்தை அடைந்துவிடுகிறது. பலகைக்கு அப்பால் குறிவைத்து அடி என்று ஆசான்கள் சொல்வதன் இரகசியம் இவ்வளவுதான். மனிதனுடைய எலும்போ கான்கிரீட்டைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கக்கூடியது.

இந்த மெக்நேர் யார் தெரியுமா? தென் கரோலினாவில் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். 1959-இல், ஒன்பது வயதில், உள்ளூர்ப் புத்தகசாலையில் புத்தகம் கேட்டபோது கறுப்பனுக்குக் கிடையாது என்றார்கள், போலீசும் வரவழைக்கப்பட்டது. பிறகு அவர் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கராத்தேயிலும் ஐந்தாம் நிலைக் கறுப்பு பெல்ட். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலத்தில் மாண்டார். அந்தப் புத்தகசாலைக் கட்டடம் இன்று அவர் பேரால் நிற்கிறது. அவ்வளவு தேர்ச்சியுள்ளவர் சக்தி, மூச்சு என்று கதை அளக்காமல் அளவுகோலை எடுத்தார் என்பதை நம் மாஸ்டர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. அப்படியானால் பலகை உடைப்புக்குப் பயிற்சியில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் சிறிய இடம். வளர்ந்த ஆள் ஒருவன் தயங்காமல், நேராக, சரியான முட்டியால் அடிக்கிறானா என்று எப்போதாவது பார்க்கும் பரீட்சை அது. தயங்கினால் வேகம் குறையும், பலகை உடையாது, அடியின் பலன் முழுவதும் கைக்கே திரும்பும். இதற்கு மேல் அதற்கு யோக்கியதை கிடையாது. 1922-இல் டோக்கியோவில் இந்த வித்தையைக் காட்டிப் பரப்பிய ஃபுனாகோஷியே உடைப்பதைப் பெரிதாக மதித்தவரல்ல. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த கராத்தே போட்டியில் கட்டா, குமிட்டே இரண்டுதான் இருந்தன. ஓடு ஒன்றும் உடையவில்லை.

கரூர் ஜில்லா மேட்டு மகாதானபுரத்தில் ஆடி மாதத்தில் பூசாரி பக்தர்களின் தலையில் தேங்காய் உடைக்கிறார். மண்டை பிளந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அதைக் கண்டு சிரிக்கும் படித்த தோழர்களே, எலும்பின் முனைகள் இன்னும் முற்றாத எட்டு வயதுக் குழந்தையை ஓட்டின்மேல் அடிக்கச் சொல்லிவிட்டுக் கை தட்டலாமா?

பலகை திருப்பி அடிக்காது, தலைமயிரைப் பிடித்து இழுக்காது, பஸ்ஸில் உரசாது. இவற்றையெல்லாம் செய்கிறவனை எதிர்க்கவே பெண்ணுக்குப் பயிற்சி வேண்டும். பத்து ஓடு உடைத்தவள் என்ற நினைப்பை மட்டும் அவளுக்குக் கொடுத்து அனுப்புவது துரோகமல்லவா?

ஆகவே அடுத்த ஆண்டு விழாவில் பெற்றோர்கள் எழுந்து, குச்சிகளை எடுத்துவிட்டு ஓடுகளை ஒட்ட அடுக்கி, குழந்தையை விட்டுவிட்டு மாஸ்டரையே உடைக்கச் சொல்லட்டும். பிறகு வளர்ந்த ஆள் ஒருவர் அந்தப் பெண்பிள்ளையின் மணிக்கட்டை இறுகப் பிடிக்க, அவள் எப்படி உதறிக்கொண்டு, கூச்சல் போட்டு, ஓடித் தப்புகிறாள் என்பதைக் காட்டச் சொல்லட்டும்.