ஆண்டையும் ஆளும்

உப்பிலியபுரம் பேருந்து நிலையச் சுவரில் 'ஆண்ட பரம்பரை' என்று முழ உயர எழுத்தில் ஒரு சுவரொட்டி. ஊர்த்தெருக்காரன் ஒட்டியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். ஒட்டியது நம் சேரிப் பிள்ளைகள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பாயி லால்குடிப் பக்கம் நடவுக்குப் போன காலத்தில் நிலக்காரனை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடணும். பேரன் வயசுப் பொடியனும் அவளுக்கு ஆண்டைதான். 'ஆள்' என்கிற வினையின் இறந்தகாலம் 'ஆண்ட'. அதில் பிறந்தவர்கள்தான் ஆண்டான், ஆண்டவன், ஆண்டை எல்லாரும். நாடாண்டவனுக்கும் கருவறையில் இருக்கிறவனுக்கும் களத்துமேட்டில் சாட்டையோடு நின்றவனுக்கும் வேர் ஒன்றே. ஸ்ரீரங்கத்தில் மடாதிபதிக்கே 'ஆண்டவன்' என்று பட்டம். வெள்ளைக்காரன் வரி தண்டுகிறவன் என்ற அர்த்தத்தில் வைத்த கலெக்டர் பேரை நாம் 'ஆட்சியர்' ஆக்கினோம். ஆள ஒருத்தன் இல்லாவிட்டால் தமிழனுக்குத் தூக்கம் வராதோ என்னவோ.

எம்.ஏ. வகுப்பில் இவ்வளவும் சொன்னார்கள். அதே 'ஆள்' பெயர்ச்சொல்லாக நின்றால் அடிமை என்பதை மட்டும் மெல்லக் கடந்துபோனார்கள். சோழர் காலத்தில் மனுசரை விற்று எழுதிய ஆவணத்துக்கு ஆள்விலைப் பிரமாணம் என்று பேர். பெரியபுராணத்தில் சிவனே கிழவனாக வந்து, சுந்தரர் தன் அடிமை என்று நீட்டுவது ஆளோலை. 1843ல் அடிமைமுறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு போனது, ஆள் போகவில்லை. 1952ல் தஞ்சாவூருக்கு வந்த சட்டத்தின் பேரிலேயே 'பண்ணையாள்' இருந்தான். 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணிக் குடிசைக்குள் எரிந்த 44 பேரும் மிராசுதார் கணக்கில் 'ஆட்கள்'தான். இன்றைக்கும் "நடவுக்குப் பத்து ஆள் வேணும்" என்றால் யாரைக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

சுவரொட்டி ஒட்டிய தம்பியிடம் கேட்டேன். "அவங்க மட்டும் போட்டுக்கலாமாண்ணே? நம்ம பாட்டன் ராஜாவா இருந்ததே இல்லியா?" என்றான். இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பாட்டன் எத்தனை பேரை ஆளாக வைத்திருந்தான்? அதையும் சேர்த்துச் சுவரில் எழுத நமக்குத் துணிச்சல் உண்டா?

ஆட்சியில் பங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கர் கேட்ட அதிகாரம் வேறு. துறையூர் இப்போது தனித்தொகுதி; ஓட்டு வாங்கிப் போனவரை வழிமறித்து, சுடுகாட்டுப் பாதை என்னாச்சு என்று கேட்கலாம். ஆண்ட பரம்பரையை யார் வழிமறித்தார்கள்? ஜமீன்களை 1948ம் வருசத்துச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஜமீன் மீசையைத்தான் நம் பிள்ளைகள் இப்போது ஒட்டிக்கொள்கிறார்கள்.

"அப்ப என்னதான்ணே எழுதுறது?" என்றான் தம்பி. உங்கம்மா நடவுக்குப் போறாங்களே, அந்தக் கூலியை எழுது என்றேன். பதில் சொல்லாமல் பசை வாளியை எடுத்துக்கொண்டு போனான்.