இல்லாததை நிறுவுதல்

நம் மொழியில் 'அம்மை' என்ற ஒரே சொல் எத்தனையோ நோய்களைத் தாங்கி நிற்கிறது. மேனியில் தடிப்பைக் கண்டதும் வாசலில் வேப்பிலை செருகிய தலைமுறைக்கு அதற்குமேல் பகுத்துப் பார்க்கும் தேவை எழவில்லை. தட்டம்மை அருகிவிட்ட ஒரு நாட்டிலோ நிலைமை வேறு. அங்கே காய்ச்சலும் தடிப்புமாக வரும் குழந்தைக்கு இருப்பது ருபெல்லாவாகவோ பார்வோ வைரஸாகவோ இருக்கலாம். தேர்ந்த மருத்துவரின் கண்ணும் ஏமாறும். இரத்தத்தில் ஐஜிஎம் எதிர்ப்புரதம் உண்டா என்று சோதித்தே உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் உருப்பெற்ற உலகத் தட்டம்மை–ருபெல்லா ஆய்வகப் பிணையத்தில் இன்று 700க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் உள்ளன. நோயை அகற்றுவது தடுப்பூசிதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், அகன்றது என்று சொல்லும் தகுதி எவரிடம் இருக்கிறது என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

கனடாவை எடுத்துக்கொள்வோம். 1998 முதல் தட்டம்மை நீங்கிய நாடு அது. அந்தத் தகுதி, வெளியிலிருந்து ஓரிருவர் நோயைச் சுமந்து வருவதால் பறிபோவதில்லை; ஒரே தொற்றுச் சங்கிலி பன்னிரண்டு மாதங்களுக்கு அறுபடாமல் தொடர்ந்தால்தான் பறிபோகும். 2024 அக்டோபரில் பரவத் தொடங்கிய நோய் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொற்றியது. அவை ஒரே சங்கிலியின் கண்ணிகளா, தனித்தனி இறக்குமதிகளா? வைரஸின் மரபணுவில் 450 எழுத்துகளைப் படித்து ஒப்பிடுவது வழக்கமான முறை. (இன்று உலகில் சுற்றிவருபவை பெரும்பாலும் பி3, டி8 என்னும் இரு மரபு வகைகளே என்பதால் ஒப்பீடு மேலும் நுணுக்கமாக வேண்டியிருக்கிறது, யார் யாரைச் சந்தித்தார் என்ற களவிசாரணையும் உடன் வேண்டும்.) ஒரே வகை வைரஸ்தான் ஓராண்டுக்கு மேலாக உலவுகிறது எனத் தெளிந்தபின், 2025 நவம்பரில் கனடா தகுதியை இழந்தது, அதனோடு அமெரிக்கக் கண்டங்களின் பிராந்தியத் தகுதியும் போயிற்று.

ஆய்வகம் இல்லையெனில், எல்லாம் வெளியிலிருந்து வந்தவை என்று எந்த அரசும் கூசாமல் சொல்லிவிடலாம். அதிகாரத்துக்கு உவப்பில்லாத சாட்சியைச் சொல்வதே இப்பிணையத்தின் தலையாய பணி என்பது நம் எண்ணம்.

அத்தகைய சாட்சியைத்தான் நாம் ஒற்றை நூலில் தொங்கவிட்டிருந்தோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டாலர் செலவாகும் உலகப் பிணையத்தின் நிதி முழுவதும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகப்போவதாக 2025 ஜனவரியில் அந்நாடு அறிவித்ததும், பிணையம் மூடப்படும் அபாயத்தை அந்நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. மற்ற செல்வந்த நாடுகள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன? தடுப்பூசி முகாமுக்குத் திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. 'தட்டம்மை இல்லை' என்று ஓர் ஆய்வகம் எழுதியனுப்பும் ஆயிரமாவது தாளுக்கு யார் விழா எடுப்பார்கள்?

இழந்த தகுதியை மீட்க, அந்தச் சங்கிலி அறுந்து பன்னிரண்டு மாதங்கள் கடந்ததைக் கனடா காட்டியாக வேண்டும். அதற்கும் அத்தாள்களே சான்று.