ஏழு கோல் வாங்கியது யார்?

2023 அக்டோபர் கடைசி. உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த சமயம். பாடாலூரில் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோர் கையிலும் செல்போன், எல்லோர் வாயிலும் கிரிக்கெட். அதில் ஒரு தம்பி போனைப் பார்த்துக்கொண்டே, 'அண்ணே, நம்ம பொம்பளப் புள்ளைவ ஃபுட்பால்ல ஜப்பான்கிட்ட ஏழு கோல் வாங்கிருக்குவ. நம்ம பக்கம் சைபர்' என்றான். கடையே சிரித்தது. 'இதுக்கு வீட்ல சோறாக்கலாம்' என்றது ஒரு குரல். 'டவுசர் போட்டுக்கிட்டு ஓடுனா ஆச்சா?' என்றது இன்னொன்று.

நானும் சிரித்தேன். இந்தத் தலையங்கத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மேடையில் பெண் விடுதலை பேசுகிறவன், பத்திரிகையில் ஆணாதிக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், அந்தச் சிரிப்பில் பங்கெடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அதையே அக்காவிடம் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் வெங்காயச் சீசனில் சேரிப் பெண்களுக்கு அந்தக் கூலி வேலைதான். தாளையும் வேரையும் அறுத்து அறுத்து விரல் காய்த்துப் போகும். அக்கா சிரிக்கவில்லை. 'கடைசி விசிலு வரைக்கும் ஓடுனாளுவளா?' என்று கேட்டது. 'ஓடியிருப்பாங்க' என்றேன். 'ஏழு வாங்குன பொறவும் ஓடியிருக்காளுவ. இதுல சிரிக்க என்னடா இருக்கு? என்னய ஒரு நாளாச்சும் ஓட உட்டியா நீ?'

பள்ளிக்கூடத்தில் அக்காவை ஓட்டத்தில் முந்த ஆளில்லை. பந்து கிடைத்தால் பையன்களோடு சேர்ந்து உதைக்கும். வயசுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மைதானத்தில் ஊர்ப் பையன்கள் சாதியைச் சொல்லி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் 'நீ கிரவுண்டுக்கு வந்தா எனக்கு அசிங்கமா இருக்கு' என்று சொன்னவன் ஊர்க்காரன் இல்லை. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான்.

ஆகவே தோழர்களே, ஏழு கோல் பற்றிப் பேசுவோம். சிரிக்காமல் பேசுவோம்.

அது தாஷ்கண்டில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று. ஜப்பானிடம் 0-7, வியட்நாமிடம் 1-3, உஸ்பெகிஸ்தானிடம் 0-3. அதற்கு முந்தைய மாதம் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் சீன தைபேயிடம் 1-2, தாய்லாந்திடம் 0-1. தெற்காசியக் கோப்பையை 2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து முறையும் விடாமல் வென்ற அணி, 2022-லும் 2024-லும் காத்மாண்டுவில் அரையிறுதியோடு திரும்பியது. இரண்டு முறையும் கோப்பை வங்கதேசப் பெண்களுக்குப் போனது. 2022 அக்டோபரில் நம் நாட்டிலேயே நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. தோல்வி தோல்விதான்.

ஆனால் ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் குறைவு. 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாவது இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாவது இடம். கோழிக்கோட்டு இறுதி ஆட்டம் நடந்தபோது ஜப்பான் பெண்கள் அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தைக்கூட ஆடியிருக்கவில்லை. அது 1981-ல்தான் ஆடியது. பிறகு 1989-ல் ஜப்பானில் பெண்களுக்கென்று லீக் தொடங்கினார்கள். 2011-ல் உலகக் கோப்பையை வென்றார்கள். இந்தியாவில் பெண்களுக்கு லீக் வந்தது எப்போது? 2016-17-ல். அந்த லீக்கில் ஆடும் பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் என முடிவெடுத்தது 2023-ல். அதுவும் ஓர் அணியில் பத்துப் பேருக்காவது கொடுங்கள் என்ற அளவில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பான் தன் பெண்களுக்கு லீக் கொடுத்து இருபத்தேழு வருசம் கழித்து நாம் கொடுத்தோம். ஏழு கோல் விழுந்தது அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் அல்ல; இந்த இருபத்தேழு வருசத்தில்.

நடுவில் நடந்தது என்ன? பெண்கள் கால்பந்தை நடத்திவந்த தனிச் சங்கம் 1990களின் தொடக்கத்தில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் கரைந்தது. 2009-ல் உலகத் தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் நீக்கப்பட்டது. தோற்றதால் அல்ல, பதினெட்டு மாதத்துக்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆட விடாததால். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பையை இந்தியாவிலேயே நடத்தினார்கள். ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணிக்குள் கொரோனா பரவி, களத்தில் இறக்க ஆள் போதாமல், போட்டியை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டமைப்பு நிர்வாகத்தில் வெளித் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவுக்குத் தடை போட்டது. ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்த கோகுலம் கேரளா பெண்கள், பந்தைத் தொடாமலே திரும்பினார்கள். நாற்காலிச் சண்டை போட்டவர்கள் மேலே இருந்த பெரிய மனிதர்கள். தண்டனை அனுபவித்தது கீழே இருந்த பெண்கள். இந்த நாட்டில் எந்தத் தண்டனை வேறு மாதிரி இறங்கியிருக்கிறது?

சரி, இந்த அணிக்கு ஆட வருகிற பெண்கள் யார்? 17 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பை அணியின் தலைவி அஷ்டம் உராவ். ஜார்க்கண்ட், கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். அவள் பெருமைக்காக அவள் ஊருக்கு அரசு சாலை போட்டது. அந்தச் சாலையில் அவள் அம்மாவும் அப்பாவும் நாளுக்கு 250 ரூபாய்க் கூலிக்கு வேலை செய்தார்கள். மகள் ஆட்டத்தைப் பார்க்க வீட்டில் டி.வி. இல்லை, மாவட்ட நிர்வாகம் கொண்டுவந்து வைத்தது. அதே ஜார்க்கண்டில் தன்பாத் பக்கம், இந்தியாவுக்காக இளையோர் அணிகளில் ஆடிய சங்கீதா சோரன் 2021 கொரோனா காலத்தில் செங்கல் சூளையில் வேலை செய்தாள். செங்கல் சூளை நமக்குப் புதுசா? பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனை என்ற பெயரில் பறிகொடுத்து, சில வருசம் கழித்துச் சூளையில் கல் அறுத்தாரே. நம் சாதியில் பிறந்த பெண். அன்று எத்தனை ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள்?

எட்டுக் கோல் வாங்கினாள் என்று சிரிக்கிறவன், அந்தப் பிள்ளை சாப்பிட்டது என்ன, எந்தத் தரையில் ஓடிப் பழகினாள் என்று கேட்பதில்லை. 'தகுதி இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறான். அந்த வார்த்தையை நாம் நன்றாகவே அறிவோம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை, 1176 மதிப்பெண் எடுத்த பிள்ளையை, 2017-ல் நாம் இழந்தது அந்த வார்த்தையால்தான். பரீட்சை அறையில் அதை எதிர்க்கிற நாம், மைதானத்தில் மட்டும் ஏன் அதே வார்த்தையைக் கடன் வாங்குகிறோம்?

தோல்விக்குப் பிறகு ரசிகன் வாயில் வருவது எப்போதும் வெறும் விளையாட்டுப் பேச்சும் அல்ல. 2021 டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் ஹாக்கி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியா வீட்டு முன்னால் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் அவர். ஜெயித்தால் தேசத்தின் மகள், தோற்றால் சேரிக்காரி. நூறு வருசத்துக்கு முன்பு பல்வங்கர் பாலு பந்து வீசி ஜெயித்துக் கொடுத்தபோதும், புனேயில் அவருக்குத் தேநீர் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில்தான். கடைசி வரை அவரைத் தலைவராக்கவில்லை. பாடாலூர் டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பு எந்த வம்சாவளியைச் சேர்ந்தது என்று இப்போது புரிகிறது.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய் நகரம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரே இரண்டு முறை உலகக் கோப்பை ஆடிய தாய்லாந்து, அதுவும் சொந்த மண்ணில். இந்தியா 2-1. இரண்டு கோலும் வங்காளத்துக் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர் அடித்தது. அதற்கு முன் மங்கோலியாவை 13-0, கிழக்குத் திமோரை 4-0, ஈராக்கை 5-0. நான்கு ஆட்டத்தில் 24 கோல் அடித்து, வாங்கியது ஒன்றே ஒன்று. தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுதான் முதல் முறை. மறுநாள் வேண்டுமென்றே அதே டீக்கடைக்குப் போனேன். யாருக்கும் தெரியவில்லை. நான் சொன்னதும் 'அப்படியாண்ணே' என்று ஒருவன் கேட்டான். அவ்வளவுதான். ஏழு கோல் வாங்கியது கடைவரை வந்தது, ஜெயித்தது வரவில்லை.

பெண்கள் ஜெயிப்பதும் சிலருக்குப் பயம். 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஆடியவர்கள் பிரெஸ்டன் நகரத்து ஆலைத் தொழிலாளிப் பெண்களின் அணி. மறுவருடமே, 1921 டிசம்பரில், பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று கால்பந்துச் சங்கம் தடை போட்டது. ஐம்பது வருசம் கிட்ட அந்தத் தடை நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டம் போட்டே தடுத்தார்கள். அங்கே சட்டம் வேண்டியிருந்தது. நம் ஊரில் சட்டம் எதற்கு? அண்ணன் தம்பியே போதும்.

இதற்கு எதிர்த் திசையில் நடந்ததையும் பார்ப்போம். இந்தியாவை ஜெயித்த வங்கதேச அணியில் பல பெண்கள் கல்சிந்தூர் என்ற ஒரே கிராமத்தின் அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். பெரிய அகாதமி இல்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு மைதானம், விடாமல் நடந்த பள்ளிப் போட்டிகள். நமக்கு அதைவிடப் பக்கத்திலும் சான்று உண்டு. வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார். காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் மணிப்பூரையும் 2023-ல் ஹரியானாவையும் வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரையின் சேது அணி 2019-ல் இந்திய லீக்கை வென்றது. கடலூரால் முடிந்தது பாடாலூரால் ஏன் முடியாது? ஆத்துக்கு இந்தப் பக்கம் பிறந்த பெண்களுக்குக் கால் இல்லையா?

கால் இருக்கிறது. மைதானம்தான் இல்லை. ஊர் மைதானத்தில் ஊர் நிற்கிறது. சேரியில் கிடக்கிற காலி இடத்தில் நாம் நிற்கிறோம். ஏப்ரல் 14 வந்தால் அண்ணல் படத்துக்கு மாலை போட்டுவிட்டு என்ன செய்கிறோம்? ஆண்களுக்குக் கபடி, கைப்பந்து, கிரிக்கெட். பெண்களுக்குக் கோலப் போட்டி. கொஞ்சம் முற்போக்காக இருந்தால் மியூசிக்கல் சேர். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தை வைத்து அளந்தவர் அம்பேத்கர். அவர் பிறந்த நாளில் நம் பெண்களைத் தரையில் குனிந்து புள்ளி வைக்கச் சொல்கிறோம். படிநிலைச் சமூகம் என்று அவர் சொன்னதில் நமக்குக் கீழேயும் ஒரு படி இருக்கிறது. அதில் நிற்பது நம் அக்காவும் தங்கச்சியும்தான்.

பார்ப்பனியத்தை ஒழித்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சில தோழர்கள் சொல்லலாம். அந்தப் 'பிறகு' எப்போது வரும்? என் அக்காவுக்கு வரவில்லை.

எனவே ஒரு முடிவு. வருகிற ஏப்ரல் 14-ல் எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து. கோலப் போட்டி வேண்டுமென்றால் ஆண்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே, தினம் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை தெருவின் காலி இடம் பெண்பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் தண்ணீர் பிடிப்பது, மாடு கட்டுவது, வெங்காயம் ஆய்வது எல்லாம் பையன்கள் வேலை. இதை முன்மொழிந்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும். முதல் நாள் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். செருப்பில்லாத காலோடு வந்ததுகள் நாலு. பந்து ஒன்றுதான் இருக்கிறது. படிக்கிற தம்பிமார், வேலையில் இருக்கிற தோழர்கள் இதை வாசித்தால் ஒரு பந்தோ, இரண்டு ஜோடி பூட்ஸோ கொண்டுவந்து கொடுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் தெருவில் இதைச் செய்யுங்கள்.

இவர்களில் யாரும் இந்தியாவுக்கு ஆடாமல் போகலாம். இந்திய அணியும் இன்னும் பல முறை தோற்கும். அடுத்த முறை டீக்கடையில் யாராவது சிரித்தால், எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். உன் வீட்டுப் பெண்ணை என்றைக்கு ஓட விட்டாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் நம்மை நோக்கிக் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.