புகை இல்லையே, சாப்!

தில்லியில் குளிர் வந்தால் எனக்கு எங்கள் குடியிருப்பின் காவலாளி அறையைப் பற்றித்தான் கவலை. எட்டடிக்கு ஆறடி அறை, ஒரே ஜன்னல், அதையும் அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே அங்கீட்டி (நம்மூர் குமுட்டி அடுப்புக்கு அண்ணன் முறை).

பாய்லர் புகையை அளப்பது என் பிழைப்பு. அதனால் போன ஜனவரியில் ஒருநாள் அலுவலகத்து கார்பன் மோனாக்சைடு மீட்டரோடு அங்கே போய் உட்கார்ந்தேன். காவலாளி விவரமானவர்தான். விறகு புகைகிற வரை அடுப்பை வெளியே வைத்திருந்தார், நன்றாகத் தணலானதும் உள்ளே கொண்டுவந்தார். "இப்போ புகை இல்லையே, சாப்!" என்றார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் அலற ஆரம்பித்தது. 190 பிபிஎம் வந்ததும் நானே கதவைத் திறந்துவிட்டேன்.

வில்லங்கமே அந்தத் தணலில்தான் இருக்கிறது. அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு சிவந்த கரியினூடே ஏறும்போது மோனாக்சைடாக மாறுகிறது. மேலே அதை எரித்துவிட ஜுவாலை கிடையாது. நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது.

விறகடுப்புகளுக்கு நம் நாட்டில் சோதனை இல்லாமல் இல்லை. ஐஎஸ் 13152 என்ற தரம் 2013-ல் திருத்தப்பட்டது. அடுப்புக்கு மேல் கூண்டு வைத்துப் புகை முழுவதையும் உறிஞ்சி அளக்கிறார்கள். பாத்திரத்தில் சேரும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் மோனாக்சைடு 5 கிராமைத் தாண்டக்கூடாது. வெறும் பிபிஎம் பார்த்தால் காற்றைக் கலந்து எண்ணைக் குறைத்துவிடலாம் என்பதால் கிராம் கணக்கு நியாயமானதுதான். ஆனால் விறகு நன்றாகக் காய்ந்தது, அளவாக நறுக்கியது. எந்த வீட்டில் அப்படி விறகு இருக்கிறது? ஈர விறகும், வறட்டியும், கடுகுத் தட்டையும்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மெகாஜூல் என்றால் சுமார் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். தரத்தில் தேறிய அடுப்பே 5 கிராம் விட்டால், எங்கள் காவலாளி அறையை மூடி வைத்தபடி அது சுமார் 400 பிபிஎம். உலக சுகாதார நிறுவனம் 15 நிமிடத்துக்கு வைத்த வரம்பு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது 90 பிபிஎம்கூட இல்லை. அடுப்பு பாஸ், அறை ஃபெயில்!

என் கேட்டால், தணல் நிலையையும் ஈர விறகையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், மூடிய அறையில் வைக்காதே என்று அடுப்பின் மேலேயே இந்தியில் பொறிக்க வேண்டும்.

அன்றைக்கே அட்டையை எடுக்க வைத்தேன். மறுநாள் இரவு பார்த்தால் திரும்ப இருந்தது. வெளியே 5 டிகிரி, அவரை என்ன சொல்ல? குடியிருப்புச் சங்கத்திடம் மின்சார ஹீட்டர் கேட்டிருக்கிறேன். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.